அபுதாபியின் செயற்கை நுண்ணறிவு அறிவிப்புகளை எடைபோடுவது எப்படி?

செயற்கை நுண்ணறிவுக்கென்றே ஓர் அமைச்சரை உலகில் முதன்முதலாக நியமித்த நாடு ஐக்கிய அரபு அமீரகம். 2017 அக்டோபரில் அப்பொறுப்பை ஏற்றபோது ஒமர் சுல்தான் அல் ஒலாமாவுக்கு வயது 27. அன்றிலிருந்து அந்நாட்டு அறிவிப்புகள் ஓயவில்லை. அவற்றை நம்பி வேலைக்கு விண்ணப்பிப்பவர்களும், பங்கு வாங்குபவர்களும், செய்தி எழுதுபவர்களும் தமிழர்களிடையே நிறையவே இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஓர் அறிவிப்பு கைக்கு வந்தால் அதை எந்த வரிசையில் படிக்க வேண்டும், எதைத் தேட வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதலில் டாலர் தொகையை ஒதுக்கி வையுங்கள். மற்ற நாடுகளில் ஒரு திட்டத்துக்குப் பணம் கிடைக்குமா என்பதே பெரிய கேள்வி. அமீரகத்தின் எண்ணெய் வளத்தில் மிகப் பெரும் பங்கைத் தன்னிடம் வைத்திருக்கும் அபுதாபியில் அது கேள்வியே இல்லை. பணம் இருந்தும் உடனே கிடைக்காதவை நான்கு: இடைவிடாத மின்சாரம், சிப்புகளுக்கான அமெரிக்க உரிமம், தேர்ந்த ஆய்வாளர்கள், போதிய அளவு அரபு மொழித் தரவு. இந்த நான்கையும் பற்றி அறிவிப்பு என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்த்தாலே அதன் உண்மையான கனம் தெரிந்துவிடும்.

தரவு மையம் பற்றிய அறிவிப்பென்றால் மெகாவாட் கணக்கைத் தேடுங்கள். 2025 மே மாதம் அமெரிக்க அதிபர் டிரம்ப் அபுதாபிக்குச் சென்றிருந்தபோது 5 ஜிகாவாட் (1 ஜிகாவாட் என்பது 1,000 மெகாவாட்) தரவு மைய வளாகம் ஒன்று அறிவிக்கப்பட்டது. அந்த 5 ஜிகாவாட்டில், அபுதாபியின் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான ஜி42, ஓப்பன்ஏஐ, ஆரக்கிள், என்விடியா, சாப்ட்பேங்க், சிஸ்கோ ஆகியவை சேர்ந்து அமைக்கும் ‘ஸ்டார்கேட் யுஏஇ’ 1 ஜிகாவாட். அதிலும் 2026-இல் இயங்கத் தொடங்கும் என்று நாள் குறித்துச் சொல்லப்பட்டது முதல் 200 மெகாவாட் மட்டுமே. அதாவது தலைப்பில் வந்த எண்ணில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. மொத்தக் கொள்ளளவு, ஒப்பந்தமான கொள்ளளவு, தேதி குறித்த கொள்ளளவு என்று மூன்று எண்களையும் தனித்தனியே எழுதிக்கொள்வது நல்ல பழக்கம்.

அடுத்து, அந்த மின்சாரம் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். அமீரகத்தின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் இயற்கை எரிவாயுவிலிருந்தே வருகிறது. நாட்டின் தேவையில் சுமார் கால் பங்கை ஈடுகட்டும் பராக்கா அணுமின் நிலையத்தின் நான்கு உலைகளுக்கும் சேர்த்துத் திறன் 5.6 ஜிகாவாட், அதன் கட்டுமானம் 2012-இல் தொடங்கி, நான்காவது உலை 2024 செப்டம்பரில்தான் வணிக உற்பத்திக்கு வந்தது. புதிய வளாகம் முழு அளவை எட்டினால் ஏறக்குறைய இன்னொரு பராக்கா தேவைப்படும். சூரிய ஒளியால் இதை ஈடுகட்டலாம் என்று சொல்பவர்களின் கணக்கையும் அபுதாபியின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிறுவனமான மஸ்தாரின் திட்டத்தை வைத்துச் சரிபார்க்கலாம். இரவு பகல் பாராமல் 1 ஜிகாவாட் தருவதற்காக 5.2 ஜிகாவாட் சூரியத் தகடுகளும் 19 ஜிகாவாட் மணி சேமிக்கும் பேட்டரிகளும் நிறுவப்போவதாக அந்நிறுவனம் 2025 ஜனவரியில் அறிவித்தது. இந்த விகிதத்தை நினைவில் வைத்திருந்தால், சூரிய மின்சாரத்தால் இயங்கும் தரவு மையம் என்ற எந்த அறிவிப்பையும் நீங்களே அளந்து பார்க்கலாம். கோடையில் வெப்பம் 45 டிகிரியைத் தாண்டும் நிலத்தில் குளிர்விப்புக்கும் கணிசமான மின்சாரம் போகும் என்பதை மறக்க வேண்டாம்.

சிப்புகளைப் பொறுத்தவரை, ஆர்டர் கொடுத்த எண்ணிக்கை ஒன்று, ஏற்றுமதி உரிமம் பெற்ற எண்ணிக்கை வேறொன்று. 2023 முதலே மத்திய கிழக்கின் பல நாடுகளுக்கு உயர்திறன் சிப்புகளை அனுப்ப அமெரிக்க அரசின் உரிமம் தேவைப்படுகிறது. அவை சீனாவுக்குப் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்பதே வாஷிங்டனின் கவலை. 2025 மே மாதம், ஆண்டுக்கு 5 லட்சம் என்விடியா சிப்புகள் வரை அமீரகத்துக்குக் கிடைக்கலாம் என்று செய்திகள் வந்தன. அவ்வாண்டு நவம்பரில் ஜி42-வுக்கு அமெரிக்க வணிகத் துறை அனுமதித்தது, என்விடியாவின் பிளாக்வெல் தலைமுறையில் அதிகபட்சம் 35,000 சிப்புகளுக்கு ஈடான அளவு. இந்த இரு எண்களுக்கும் இடையில் உள்ள தூரத்தைத்தான் வாசகர் கவனிக்க வேண்டும். ‘ஈடான அளவு’ என்று வரும்போது எந்தத் தலைமுறைச் சிப்புக்கு ஈடு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய சிப்பை அளவுகோலாகக் கொண்டால் எண் பெரிதாகத் தெரியும்.

மொழி மாதிரி (சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் மென்பொருள்) பற்றிய அறிவிப்பென்றால், அதை எந்த இயந்திரத்தில் பயிற்றுவித்தார்கள், அந்த இயந்திரம் எந்த நாட்டில் இருந்தது என்று பாருங்கள். அபுதாபியின் தொழில்நுட்பப் புத்தாக்க நிறுவனம் 2023 செப்டம்பரில் வெளியிட்ட ஃபால்கன் மாதிரி 18,000 கோடி அளவுருக்களை, அதாவது பயிற்சியின்போது மாதிரி தனக்குள் சரிசெய்துகொள்ளும் எண்களை, கொண்டது. அதற்கான பயிற்சி அமேசானின் கிளவுட் சேவையில் 4,096 சிப்புகள் வரை கொண்டு நடந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியான ‘ஜைஸ்’ அரபு மாதிரி பயின்ற கணினி கலிஃபோர்னியாவின் சான்டா கிளாராவில் நிறுவப்பட்டிருந்தது. இதனால் அந்த மாதிரிகளின் மதிப்பு குறைந்துவிடவில்லை. ஆனால் ஒரு நாடு தன் மண்ணில், தன் கட்டுப்பாட்டில் ஒரு தொழிலைக் கட்டியிருக்கிறதா என்பதை அறிய விரும்புபவருக்கு இது தவிர்க்கக் கூடாத கேள்வி. உரிம விதிகளையும் படியுங்கள்: 4,000 கோடி அளவுருக்கள் கொண்ட ஃபால்கன், அப்பாச்சி உரிமத்தின் கீழ் யாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்ற நிலைக்கு வந்தது, பெரிய ஃபால்கனுக்கோ, அதைச் சேவையாக வழங்குவதற்குக் கட்டுப்பாடு விதிக்கும் தனி உரிமம் இருந்தது. இரண்டையும் ‘திறந்த மாதிரி’ என்றே செய்திகள் எழுதின.

ஜைஸ் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும், ஏனெனில் என்னைப் பொறுத்தவரை அபுதாபியின் முயற்சிகளில் மிகவும் மதிக்கத்தக்கது அதுதான். 1,300 கோடி அளவுருக்கள் கொண்ட அந்த மாதிரிக்கு 39,500 கோடி டோக்கன்கள் (சொற்கள் அல்லது சொல் துண்டுகள்) ஊட்டப்பட்டன. அவற்றில் அரபு 11,600 கோடி. அந்த அரபுப் பங்கையும் திரட்டுவதற்கு, கிடைத்த உரைகளை ஒன்றுக்கு மேற்பட்ட முறை பயன்படுத்தியும் ஆங்கில உரைகளை அரபுக்கு மொழிபெயர்த்தும் சமாளிக்க வேண்டியிருந்தது. கோடிக்கணக்கானோர் பேசும், எண்ணெய்ச் செல்வம் பின்னால் நிற்கும் ஒரு மொழிக்கே இந்த நிலை. எனவே புதிய அரபு மாதிரி வெளிவரும்போது அளவுருக்களின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, அசலான அரபு உரை எவ்வளவு, மொழிபெயர்த்தது எவ்வளவு என்று தேடுங்கள். தமிழ் மாதிரிகளை மதிப்பிடும்போதும் இதே கேள்வி நமக்கு உதவும்.

ஆட்களைப் பற்றிய தகவல் அறிவிப்பில் அரிதாகவே இருக்கும். அதை ஆய்வுக் கட்டுரைகளில் தேட வேண்டும். 2019-இல் அறிவிக்கப்பட்டு 2021-இல் வகுப்புகளைத் தொடங்கிய முகமது பின் சையத் செயற்கை நுண்ணறிவுப் பல்கலைக்கழகம் மஸ்தார் நகரில் இயங்குகிறது. அங்கு படித்து முடித்தவர்கள் எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்பது எந்தத் தொகையைவிடவும் நம்பகமான அளவுகோல். ஃபால்கன் பணியில் ஈடுபட்டிருந்த சிலர் பின்னர் பாரிஸில் தனி நிறுவனம் தொடங்கிவிட்டார்கள். பத்தாண்டு தங்கும் உரிமை தரும் ‘கோல்டன் விசா’ இப்படிப்பட்டவர்களைத் தக்கவைக்கவே பயன்படுகிறது.

பிறகு ஒரு தாளில் நிறுவனப் பெயர்களை எழுதி, யார் யாருக்குப் பணம் தருகிறார்கள் என்று அம்புக்குறி இடுங்கள். மைக்ரோசாஃப்ட் 2024 ஏப்ரலில் ஜி42-இல் 150 கோடி டாலர் முதலீடு செய்தது. ஜி42 மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையைப் பயன்படுத்துகிறது. அபுதாபி அரசின் முதலீட்டு நிறுவனமான முபாதலாவும் ஜி42-வும் தொடக்கக் கூட்டாளிகளாக உள்ள எம்ஜிஎக்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம், ஓப்பன்ஏஐயில் பணம் போட்டிருக்கிறது. ஓப்பன்ஏஐ அபுதாபி வளாகத்தின் வாடிக்கையாளர். ஜி42-வுக்கும் எம்ஜிஎக்ஸுக்கும் தலைவர் ஒருவரே: நாட்டின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகரும் அதிபரின் சகோதரருமான ஷேக் தஹ்னூன் பின் சையத். இத்தகைய இணைப்பால் முடிவுகள் விரைவாக எடுக்கப்படுகின்றன என்பது உண்மை. ஆனால் விற்பனை என்று காட்டப்படும் தொகையில் வெளியாள் கொடுத்தது எவ்வளவு என்பதை வட்டமாகத் திரும்பும் அம்புகளே காட்டிக்கொடுக்கும்.

பயனைப் பற்றிய எண்களில் யார் கணக்கிட்டது என்பதே முக்கியம். அபுதாபியின் தேசிய எண்ணெய் நிறுவனமான அட்நாக், செயற்கை நுண்ணறிவால் 2023-இல் 50 கோடி டாலர் மதிப்பு கிடைத்ததாகச் சொன்னது. அது அந்நிறுவனமே போட்ட கணக்கு. எண்ணெய்க்கு அப்பால் ஒரு பொருளாதாரம் என்ற நோக்கத்தில் தொடங்கிய இத்தொழிலின் பெரிய உள்ளூர் வாடிக்கையாளர்களில் ஒன்று எண்ணெய் நிறுவனமே என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும்.

வேலைக்காக இந்த அறிவிப்புகளைப் படிப்பவர்கள் நேர்காணலில் நேரடியாகவே கேட்கலாம்: சம்பளம் தரும் நிறுவனம் எது, தாய் நிறுவனமா, துணை நிறுவனமா, ஒப்பந்ததாரரா? குழுவுக்கு இப்போது கைவசம் உள்ள சிப்புகள் எவ்வளவு, இனி வர வேண்டியவை எவ்வளவு? செய்த ஆய்வை வெளியிட அனுமதி உண்டா? திட்டம் புரிந்துணர்வு ஒப்பந்த நிலையில் இருக்கிறதா, கட்டுமானம் தொடங்கிவிட்டதா? கிடைக்கும் விடைகளைத் தேதியுடன் எழுதி வைத்துக்கொண்டு, பணி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அவை எழுத்தில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.