ஊர் சுற்றிய பழைய ஹிமாலயன் பைக்கை ஓனரிடமே நேரடியாக வாங்குவது எப்படி?

ஓனரிடம் போனில் பேசும்போது ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுவேன்: "அண்ணே, நான் வந்து சேரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க." போனதும் எஞ்சின்மேல் கை வைத்துப் பார்ப்பேன். சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பி, ஆறிய பிறகுதான் திரும்புவேன். ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதும் நீலப்புகை கக்குவதும் ஆறிய எஞ்சினில்தான் ஒளிவுமறைவில்லாமல் தெரியும்.

நான் சொல்வது ராயல் என்ஃபீல்டின் பழைய 411 சிசி ஹிமாலயனை. 2016-ல் வந்த கார்புரேட்டர் வண்டிகள் பக்கம் போகாதீர்கள். ஏபிஎஸ்ஸோடு வந்த 2018-க்கு அப்புறமான வண்டிகளைத் தேடுங்கள். மீட்டரில் 50,000 கிலோமீட்டர் என்றால் பலர் ஓடிவிடுகிறார்கள். ஹைவேயில் சீராக ஓடி, நேரத்துக்கு ஆயில் மாற்றிய 50,000-ஐ, ஊருக்குள் கிளட்சை அரைத்தே ஓட்டிய 15,000-ஐ விட நான் நம்புவேன். ஆனால் சர்வீஸ் பில் வேண்டும். மீட்டர் 12,000 காட்டி, ஃபுட்ரெஸ்ட் ரப்பர் மொழுமொழு என்று தேய்ந்திருந்தால் கணக்கு உதைக்கிறது.

நான் சூடுபட்டது கோன் செட்டில், அதாவது ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்கில். இந்த மாடலில் அது தேய்வது சகஜம் என்று தெரிந்தும் பார்க்காமல் வாங்கிவிட்டேன். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஹேண்டில்பார் நடுவில் மாட்டி மாட்டித் திரும்பியது. இறங்கி வந்ததும் மெக்கானிக்கிடம்தான் போனேன். பார்ப்பது சுலபம்: சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஒருவரைப் பின்பக்கம் அழுத்தச் சொல்லி முன்சக்கரத்தைத் தூக்குங்கள். ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாகத் திருப்புங்கள். நட்டநடுவில் பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்றால் கோன் செட் போய்விட்டது. அதற்காக வண்டியை விட வேண்டாம், விலையில் கழியுங்கள்.

டூரிங் வண்டி சுமை தூக்கியிருக்கும். பெட்டி மாட்டும் கம்பி ஃப்ரேமோடு சேரும் இடங்களில் டார்ச் அடித்து விரிசலோ புது வெல்டிங்கோ இருக்கிறதா என்று பாருங்கள். அதைக் கண்டால் நான் பேரம் பேச மாட்டேன், கிளம்பிவிடுவேன். ஸ்போக்குகளை ஸ்பேனரால் தட்டுங்கள். ஒன்று மட்டும் சத்தமில்லாமல் மொத்தென்றால் அது தளர்ந்திருக்கிறது. பின் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) செயினைப் பின்னால் இழுத்துப் பாருங்கள், பாதிப் பல் தெரிந்தால் செயின் தேய்ந்துவிட்டது. டயரில் 2319 என்றிருந்தால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. டயரின் பட்டன் தேயாமல் நன்றாக இருந்தாலும் ரப்பர் கிழடு. சீட்டைக் கழற்றி, ஃபாக் லைட்டுக்காக வயரை வெட்டி டேப் சுற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

பேப்பர் வேலை அலுப்புதான். சேசிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் ஆர்சியோடு நீங்களே ஒப்பிடுங்கள். அரசின் பரிவாஹன் இணையதளத்தில் அபராதமும், வண்டிமேல் கடன் பதிவாகியிருக்கிறதா என்பதும் தெரியும். ஆர்சியில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் கடன் முடிந்ததைக் காட்டும் ஃபார்ம் 35-ம் வங்கியின் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) கைக்கு வரும்வரை அட்வான்ஸ்கூட வேண்டாம். பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30. விற்பவர் தயங்கினால், ஆர்சியில் பெயர் இருப்பவர்தான் விபத்துக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதை நினைவூட்டுங்கள், உடனே கையெழுத்துப் போடுவார். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் எடுக்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) உங்களுக்கு வராது. கர்நாடகா, பாண்டிச்சேரி நம்பர் வண்டி மலிவாகத் தெரிந்தால் அந்த ஊர் ஆர்டிஓவின் என்ஓசி, இங்கே தமிழ்நாட்டில் கட்டும் சாலை வரி, மறுபதிவு எல்லாம் கூட்டிப் பாருங்கள்.

பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். அப்புறம், இரண்டாவது சாவி. நான் கேட்க மறந்து, மூன்று வாரம் கழித்துக் கூரியரில் வாங்கினேன்.