நாயின் சோற்றில் குழம்பு ஊற்ற முன்

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் அநேகமான வீடுகளில் நாய்க்கென்று தனிச் சமையல் இல்லை. மத்தியானம் மிஞ்சின சோற்றில் கோழிக்குழம்பை விட்டுப் பிசைந்து வைப்பார்கள். பாசத்தோடுதான் வைக்கிறார்கள். ஆனால் அந்தக் குழம்பில் கரைந்து கிடக்கும் வெங்காயமும் உள்ளியும் நாய்க்கு நஞ்சு.

இரண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். அவித்தாலும் பொரித்தாலும் பொடியாக்கினாலும் அந்தக் குணம் போகாது. துண்டுகளைப் பொறுக்கி எறிந்துவிட்டுக் குழம்பை மட்டும் விடுவதிலும் பயனில்லை. தின்ற அன்றைக்கு நாய் நன்றாகவே ஓடித்திரியும், அதுதான் ஆபத்து. சில நாள் போனபிறகு சோர்ந்து படுக்கும், மூச்சு வாங்கும், சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போகும். மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்கவேண்டிய முரசு வெளிறியிருந்தால் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

எங்கள் ஜிம்மிக்கு நான் தாளிக்க முன்னமே பங்கு எடுத்துவிடுவேன். உப்பு, தூள் எதுவும் போடாமல் அவித்த கோழி இறைச்சி, சோறு, கொஞ்சம் பூசணி. எலும்பை முழுக்க எடுத்துவிடுவேன். வெந்த எலும்பு கூராகச் சிதறிக் குடலைக் குத்தும். சொதி, கட்டச் சம்பல், கொத்துரொட்டிப் பார்சலில் மிஞ்சினது எல்லாவற்றிலும் வெங்காயம்தான், அவற்றை வைக்கவே வேண்டாம்.

முந்திரிகைப் பழமும் (திராட்சை) அதன் வற்றலும் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். சில நாய்களுக்குக் கொஞ்சமே போதும். காரணம் டார்டாரிக் அமிலம் என்று இப்போது கருதுகிறார்கள். நம் புளியிலும் அது நிறைய உண்டு, ஆகவே புளிக்குழம்பும் கூடாது. நத்தார் கேக்கில் வற்றலோடு பிராண்டியும் சேர்ந்திருக்கும். டிசம்பரில் தட்டை உயரத்தில் வையுங்கள். சொக்லேட் எவ்வளவு கறுப்போ அவ்வளவு மோசம். சீனி இல்லாத சுவிங்கத்தில் சைலிட்டோல் என்று போட்டிருந்தால் கைப்பையைத் தரையில் வைக்காதீர்கள். அரை மணித்தியாலத்திலேயே இரத்தத்தில் சீனி இறங்கி நாய் விழுந்துவிடலாம்.

தின்றுவிட்டதா? அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது, அந்த உப்பே நஞ்சாகும். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, நாயின் நிறை எவ்வளவு என்பதை வைத்தியருக்குப் போனில் சொல்லிவிட்டு, உறையையும் எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். பின்னேரத்தில் காலி வீதி நெரிசல் தெரியும்தானே, இரவில் திறந்திருக்கும் கிளினிக் எது என்று இன்றைக்கே விசாரித்து, நம்பரைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள்.