இரு நாடுகளின் பொருளாதார வளர்ச்சியை ஒப்பிடுவது எப்படி?

2020 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் அமெரிக்கப் பொருளாதாரம் 32.9% சரிந்ததாக ஜூலை இறுதியில் செய்தி வந்தது. ஆகஸ்ட் 31 அன்று இந்தியாவின் சரிவு 23.9% என்று அறிவித்தார்கள். "அமெரிக்காவுக்கு நாம் தேவலை" என்று பலரும் பகிர்ந்தார்கள். கணக்கிட்ட நிபுணர்கள் இரண்டு இடத்திலும் சரியாகவே சொல்லியிருந்தார்கள். அருகருகே வைத்ததில்தான் பிழை. நீங்களே போட்டுப் பார்க்கலாம், கைபேசி கால்குலேட்டர் போதும்.

படி 1: எதோடு ஒப்பிட்ட எண்?
இந்தியா முந்தைய ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிடுகிறது. விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தால், 2019 ஏப்ரல்–ஜூனில் 100 ரூபாயாக இருந்த உற்பத்தி 2020இல் 76 ரூபாய் 10 காசு ஆனது. அமெரிக்காவோ முந்தைய காலாண்டோடு ஒப்பிடுகிறது. பிறகு, இதே வேகம் நான்கு காலாண்டும் நீடித்தால் ஓராண்டில் எவ்வளவு என்று கூட்டுவட்டி போலப் பெருக்கி அறிவிக்கிறது.

படி 2: பெருக்கியதைப் பிரியுங்கள்
நாலால் வகுத்துவிடாதீர்கள், கூட்டுவட்டிக் கணக்குக்கு அது பொருந்தாது. 1இலிருந்து 0.329ஐக் கழித்தால் 0.671. வர்க்கமூலப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் 0.819, இன்னொருமுறை அழுத்தினால் 0.905. ஆக, அந்தக் காலாண்டின் உண்மையான சரிவு 9.5%. 2019இன் அதே காலாண்டோடு ஒப்பிட்டாலும் ஏறத்தாழ இதே அளவுதான் வருகிறது. இந்தியாவின் 23.9 பக்கத்தில் வைக்க வேண்டிய எண் இது.

படி 3: மூல அறிக்கைக்குப் போங்கள்
"ஆண்டு விகிதத்தில்" என்று அமெரிக்க அறிக்கை தொடக்கத்திலேயே சொல்லியிருந்தது. கைமாறி வந்த வழியில் அந்த இரண்டு சொல் உதிர்ந்துவிட்டது. எண்ணோடு அதைக் கணக்கிட்ட முறையையும் சொல்பவரை நம்புங்கள். வெறும் எண்ணைத் தருபவரிடம் முறையைக் கேளுங்கள்.

படி 4: திருத்தங்களையும் பாருங்கள்
23.9 பின்னர் 24.4 ஆனது. "மாற்றி மாற்றிச் சொல்கிறார்களே, இவர்களை எப்படி நம்புவது?" என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கோ அதனால்தான் நம்பிக்கை கூடுகிறது. முழுத் தரவு கைக்கு வரப் பல மாதங்கள் ஆகும். வந்ததும் தங்கள் எண்ணைத் தாங்களே வெளிப்படையாகத் திருத்துகிறார்கள்.

படி 5: அந்த வளர்ச்சி யாருடையது?
2015இல் அயர்லாந்தின் ஜிடிபி, அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தி, 26.3% வளர்ந்ததாக 2016 ஜூலையில் அறிவிப்பு வந்தது. பன்னாட்டு நிறுவனங்கள் காப்புரிமை போன்ற சொத்துகளைக் கணக்கேட்டில் அந்த நாட்டுக்கு மாற்றியதே முக்கியக் காரணம். டப்ளினில் வேலை பார்ப்பவரின் வருமானம் அப்படி ஏறிவிடவில்லை. அயர்லாந்து மத்திய வங்கியின் அப்போதைய ஆளுநர் பிலிப் லேன் தலைமையிலான குழு, இத்தகைய மாற்றங்களின் தாக்கத்தைக் கழித்துப் பார்க்கும் வேறொரு அளவுகோலைப் பரிந்துரைத்தது: "மாற்றியமைத்த மொத்த தேசிய வருமானம்". நாட்டின் புள்ளியியல் அலுவலகம் 2017 முதல் அதை வெளியிடுகிறது. அயர்லாந்தை எந்த நாட்டோடு ஒப்பிட்டாலும் ஜிடிபியோடு இதையும் எடுத்துக்கொள்ளுங்கள். காலாண்டு ஒப்பீடு என்றால், அதே அலுவலகம் தரும் "மாற்றியமைத்த உள்நாட்டுத் தேவை" என்ற எண்ணைத் தேடுங்கள்.