பேரூராட்சியில் புது கவுன்சிலர் செய்துவிடக் கூடாதவை

2022 பிப்ரவரித் தேர்தலின்போது குமரி மாவட்டத்தில் 51 பேரூராட்சிகள் இருந்தன. பல இடங்களில் ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குவதே தெரியாது. தென்னந்தோப்பும் வீடுமாகவே போகும். யாருடைய வேலை என்ற குழப்பத்தில்தான் முதல் தவறு நடக்கிறது. சாலையில் பள்ளம் என்று யாராவது வந்து நின்றதும் "நான் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி" என்று வாக்குக் கொடுத்துவிடுவோம். பார்த்தால் அது நெடுஞ்சாலைத் துறையின் சாலை. சொல்வதற்கு முன் அலுவலகத்தில் சாலைப் பதிவேட்டைப் பாருங்கள்.

சானலும், அதாவது பாசனக் கால்வாயும், அப்படித்தான். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் ஓடும் சானல் நீர்வளத் துறையுடையது, அதில் போய் விழும் தெரு ஓடை நம்முடையது. ஓடையை மட்டும் வாரிவிட்டு, சேருமிடம் மண்மூடிக் கிடப்பதைக் கவனிக்காவிட்டால் தண்ணீர் திரும்பி வீட்டு முற்றத்துக்கே வரும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது காலம் பார்க்காமல் செய்யும் வேலை. மற்ற மாவட்டங்கள் பலவற்றில் அக்டோபர் மழைக்கு முன்னால் ஓடை வாரினால் போதும். நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. மே மாதத்துக்குள் ஒரு தடவை, செப்டம்பரில் மறு தடவை வாரியே ஆக வேண்டும். வாரிய மண்ணை ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போனால் முதல் மழையிலேயே அது உள்ளே விழுந்துவிடும். அள்ளிக்கொண்டு போகும் செலவையும் மதிப்பீட்டிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். தார் வேலைக்கு நம்பக்கூடிய வெயில் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைதான். பொங்கல் கழிந்து டெண்டர் பேச ஆரம்பித்தால் ஜல்லி வந்து இறங்கும்போது சாரல் தொடங்கியிருக்கும். ஈரத்தில் போட்ட தார் ஓணம்வரைகூடத் தாங்காது.

சொத்து வரியை அரையாண்டு தொடங்கிய 30 நாட்களுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். ஏப்ரலிலும் அக்டோபரிலும் இதை வார்டில் வீடு வீடாகச் சொல்லாமல் விடாதீர்கள்.

அப்புறம், மன்றக் கூட்டத்தில் வாயால் பேசி முடித்ததை முடிந்ததாக எடுத்துக்கொள்வது. நான் கவுன்சிலராக இருந்தபோது ஒரு தெருக் குடிநீர்க் குழாய்க்கு எல்லோரும் தலையாட்டினார்கள். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறவே இல்லை. இரண்டு கோடை அந்தத் தெருப் பெண்கள் குடத்தோடு நடந்தார்கள். அதற்குப் பிறகு கோரிக்கையை எழுதிக் கொடுத்து ரசீது வாங்கினேன்; தீர்மானத்தை வரிவரியாக வாசிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை.