மஞ்சள் குருவியா? முதலில் அலகைப் பாருங்கள்

செட்டிநாட்டுக் கண்மாய்க் கரையில் மஞ்சளாக ஒரு பறவை தெரிந்தால், நிறத்தை விட்டுவிட்டு அலகைப் பாருங்கள். தடித்துக் கூம்பு போலிருந்தால் ஆண் தூக்கணாங்குருவி. மெலிந்து கூராக இருந்தால் மாம்பழச்சிட்டு. நீண்டு இளஞ்சிவப்பாக இருந்தால் மாங்குயில்.

மஞ்சள் மூன்றுக்கும் பொது. உச்சி வெயிலில் அதன் சாயலும் ஏமாற்றும். அலகோ இரைக்கேற்ப அமைந்தது. தூக்கணாங்குருவி நெல்லையும் புல் விதையையும் உடைத்துத் தின்னும், மாம்பழச்சிட்டு இலையிடுக்கில் புழு பொறுக்கும். இன்னும் ஐயமென்றால் இறக்கையைக் கவனியுங்கள்: மாம்பழச்சிட்டின் கருஞ்சிறகில் வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும். ஆண் தூக்கணாங்குருவிக்கு உச்சந்தலை மட்டும் மஞ்சள் தொப்பி வைத்தாற்போல இருக்கும், கன்னமும் தொண்டையும் அடர்பழுப்பு.

கூடு கட்டும் பருவம் முடிந்தபின் இந்த வழி பலிக்காது. அப்போது ஆண் தூக்கணாங்குருவியும் மஞ்சளை இழந்து பெண்ணைப் போலாகிவிடும். பெண் சிட்டுக்குருவிக்கும் அதே கூம்பலகுதான். மாங்குயில் குஞ்சுக்கும் அலகு கறுத்தே இருக்கும், உடல் பருமனை வைத்துப் பிரிக்கலாம்.