மாகாண காலத்து அரசியல்வாதியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது?

நம்ம மதுரைப் பக்கம் நூறு வருடத்துக்கு முன் அரசியலில் இருந்த ஒருவரைப் பற்றி எழுத நினைத்தால், குடும்பத்தார் போட்ட நினைவு மலரை முதலில் எடுக்காதீர்கள். அதைக் கடைசியில் படிக்கலாம். ஒரு தாளில் வருடம், பதவி, அந்தப் பதவி எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்று மூன்று கட்டம் போடுங்கள். மூன்றாவது கட்டத்தில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள்.

இன்றைய தேனி மாவட்டத்து உத்தமபாளையம் பி.டி.ராஜனையே எடுத்துக்கொள்வோம். 1920 தேர்தலில் நீதிக்கட்சி சார்பில் சென்னை மாகாண சட்டசபைக்குப் போனார், 1930-ல் வளர்ச்சித் துறை மந்திரி, 1936 ஏப்ரல் 4 முதல் ஆகஸ்ட் 24 வரை முதல் மந்திரி. ஐந்து மாதம்கூட இல்லை. அவருக்கு முன்னும் பின்னும் அந்த நாற்காலியில் அதே கட்சியின் பொப்பிலி ராஜா. இதை "முன்னாள் முதல்வர்" என்று ஒரே வரியில் எழுதினால் படிப்பவர் இன்றைய முதலமைச்சரைத்தான் நினைப்பார். ஆனால் பிரிட்டிஷ் அரசின் 1919 இந்திய அரசுச் சட்டம் கொண்டுவந்தது இரட்டை ஆட்சி. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி, விவசாயம் மாதிரியான துறைகள் மந்திரிகளிடம். போலீஸ், நிலவரி, நிதி எல்லாம் கவர்னரின் நிர்வாகக் குழுவிடம். ஆகவே அந்தக் கால மந்திரி ஒருவர் நிலவரியைக் குறைத்தார் என்று யாராவது சொன்னால் அப்படியே எழுதாதீர்கள், அவர் சட்டசபையில் அதற்காகப் பேசியிருக்கலாம், உத்தரவு போட அதிகாரம் இருந்ததா என்று பாருங்கள். அடுத்து வந்த 1935 இந்திய அரசுச் சட்டப்படி 1937-ல் தேர்தல் நடந்து, 215 இடத்தில் 159-ஐ காங்கிரஸ் பிடித்த பிறகுதான் மாகாண மந்திரிசபைக்கு எல்லாத் துறையும் வந்தது.

அடுத்து, மாவட்டம். தேனி என்று பழைய ஆவணத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. திண்டுக்கல் பிரிந்தது 1985-ல், தேனி 1996-ல். அதுவரை எல்லாம் மதுரை ஜில்லாதான். சிவகங்கைக்காரர் என்றால் இன்னும் கவனம் வேண்டும், 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா உருவானபோது அந்தப் பக்கம் அதற்குப் போய்விட்டது.

சட்டசபை நடவடிக்கைக் குறிப்புகள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவர் கேட்ட கேள்விகளை முதலில் படியுங்கள், பேச்சை அப்புறம் பார்க்கலாம். எந்த ஊர்ச் சாலை, எந்தக் கண்மாய் அவர் மனதில் இருந்தது என்று கேள்விகளில் தெரிந்துவிடும். பத்திரிகை என்றால் ஒரே சம்பவத்துக்கு 'திராவிட'னையும் 'சுதேசமித்திர'னையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும், முதலாவது நீதிக்கட்சிப் பத்திரிகை, இரண்டாவது காங்கிரஸ் பக்கம் நின்றது. பழைய பள்ளி, ஆஸ்பத்திரிச் சுவரில் இருக்கும் திறப்புவிழாக் கல்லையும் விடாதீர்கள்: ராவ் பகதூர், திவான் பகதூர், சர் என்று பெயருக்கு முன் பிரிட்டிஷ் அரசு கொடுத்த எந்தப் பட்டம் இருக்கிறது என்பதை வைத்தே வருடத்தை நெருங்கிவிடலாம்.

சரி, இப்போது நினைவு மலரை எடுங்கள். சட்டசபைக் குறிப்பில் வராத விஷயங்கள் அங்கேதான் கிடைக்கும். 1950 தீ விபத்துக்குப் பின் சபரிமலைக்குப் புது ஐயப்பன் விக்கிரகம் கிடைத்ததில் பி.டி.ராஜனுக்கு இருந்த பங்கு அப்படிப்பட்டது. படித்து முடித்ததும் அந்த வீட்டின் மூத்தவரிடம் போய், கட்சிக்காரர்கள் வந்தால் எங்கே உட்காருவார்கள் என்று கேளுங்கள். செல்போனில் பதிவு செய்ய அனுமதி வாங்கிக்கொண்டு, அவரைப் பேச விடுங்கள்.