வேட்பாளரின் சொத்துப் பட்டியலும் நம் ஊர் மனையும்: படிப்பது எப்படி

தேர்தல் நெருங்கினால் எங்கள் மன்னார்குடிப் பக்கம் டீக்கடையில் முதலில் அடிபடுவது வேட்பாளரின் வீடுதான். எத்தனை மாடி, என்ன கார், பிள்ளை கல்யாணத்துக்கு எவ்வளவு பெரிய பந்தல். ஏழைக்கு வீடு தருவேன் என்று மேடையில் பேசியவர் பங்களாவில் இருந்தால் கோபம் வருகிறது. நியாயமான கோபம்தான். ஆனால் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவள் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: அவர் குடியிருக்கும் வீட்டைவிட, அவர் வாங்கிப் போட்டிருக்கும் மனையும் வயலும் நமக்கு நிறையச் சொல்லும். அதைப் படிக்க யார் சிபாரிசும் வேண்டாம்.

2002இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு ஒவ்வொரு வேட்பாளரும் சொத்து, கடன், வழக்கு விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் அது படிவம் 26. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் தொகுதியையும் பெயரையும் தேர்ந்தெடுத்தால் இறங்கும். முதல் பக்கங்களில் வழக்குகளும் ஐந்து வருட வருமானமும் இருக்கும். அடுத்து நகை, வண்டி, வங்கி இருப்பு. பெரும்பாலோர் பவுன் கணக்கைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நீங்கள் தாண்டிப் போங்கள்.

அசையாச் சொத்துப் பகுதிதான் முக்கியம். விவசாய நிலம், விவசாயம் அல்லாத நிலம், வணிகக் கட்டடம், குடியிருப்பு என்று தனித்தனியாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சர்வே எண், பரப்பு, பரம்பரைச் சொத்தா வாங்கியதா, எப்போது, என்ன விலைக்கு, இன்று என்ன மதிப்பு என்று எழுதியிருக்க வேண்டும். நான் முதலில் பார்ப்பது வாங்கிய தேதியை. பதவியில் இருந்த காலத்தில் வாங்கியதா? அப்புறம் இடத்தை. பாட்டன் காலத்து நஞ்சை நாலு வேலி இருப்பது ஒரு கதை. புறவழிச்சாலை ஓரத்தில் ஐந்து வருடத்துக்குள் சேர்ந்த நிலம் வேறு கதை. சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு வருவாய்த்துறை தளத்தில் பட்டாவையும், நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேட்டையும் பாருங்கள். பதிவுத்துறை தளத்தில் வில்லங்கமும் பார்க்கலாம். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: வேட்பாளர், கணவன் அல்லது மனைவி, இந்துக் கூட்டுக் குடும்பம், அவரைச் சார்ந்தவர்கள் ஆகியோர் சொத்து மட்டும்தான் அந்தப் படிவத்தில் வரும். தனியாகச் சம்பாதிக்கும் மகனோ, தம்பியோ, மைத்துனரோ அதில் வரமாட்டார்கள்.

மனைமேல் எனக்கு ஏன் இவ்வளவு கண்? 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் ஒரு பிரிவு இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போட்டால், சாலை நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைப் பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கான சிறு மனைகளாக ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் என்பது நம் கணக்கில் ஏறக்குறைய ஏழரை மா, அதாவது சுமார் இரண்டரை ஏக்கர். அந்தச் சிறு மனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பெரிய மனையாக்கக் கூடாது. விதிகளில் திருத்தங்கள் வருவதுண்டு, அதனால் மனைப்பிரிவு அனுமதி பெற்ற தேதியையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்தக் கட்டாய ஒதுக்கீட்டைப் பற்றித்தான் சண்டை. மனை போடுகிறவர்கள், அந்தப் பத்து சதவீதத்தின் பாரம் மற்ற மனைகளின் விலையில் ஏறும், கடைசியில் கடன் வாங்கி வீடு கட்டும் ஆசிரியரும் கிளார்க்கும்தான் சுமப்பார்கள் என்கிறார்கள். அந்தக் கணக்கில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கட்டாயம் இல்லாமல் டெல்டாவில் ஏழைக்கு மனை எப்போது கிடைத்தது? 1971இல் குடியிருப்பு உரிமைச் சட்டம் வந்த பிறகுதானே, பண்ணையில் உழைத்தவர் குடிசை போட்டிருந்த இடம் அவருக்கே சொந்தம் என்று ஆனது! அதற்கு மூன்று வருடம் முன்பு, 1968 டிசம்பர் 25 இரவில், கீழ்வெண்மணியில் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். குடியிருக்கும் இடமே மிராசுதாரர் கையில் இருந்த காலம் அது. அதனால் நான் ஒதுக்கீட்டின் பக்கம்தான்.

இப்போது எளிமை பற்றி. 2021இல் திருத்துறைப்பூண்டியில் வென்ற இந்திய கம்யூனிஸ்ட் வேட்பாளர் க. மாரிமுத்து கூரை வீட்டில் வாழ்ந்தவர். தோழர் நல்லகண்ணு சென்னையில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் இருந்து, 2019இல் அதையும் காலி செய்ய வேண்டி வந்தது. இவர்களை மதிக்கிறேன். கஜா புயலில் கூரை பறந்தவர்களின் பாடு கூரை வீட்டில் இருந்தவருக்குக் கட்டாயம் தெரியும். ஆனாலும் எளியவரிடமும் வசதியானவரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்: இந்தத் தொகுதியில் வீட்டுமனைக்கு என்ன செய்தீர்கள், என்ன செய்வீர்கள்? மாடி வீட்டுக்காரர் ஒதுக்கீட்டுக்காக உறுதியாக நின்றால் அவர் வீட்டைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. ஆனால் அவருக்கே மனைப்பிரிவில் பங்கு இருந்து, அவரே அந்த விதியைத் தளர்த்தச் சொன்னால் அதை ஊரறியக் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு முன் கையில் ஆதாரம் வேண்டும். உங்கள் ஊரில் 'நகர்' என்று பெயர்ப்பலகை வைத்த வயல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நகர் ஊரமைப்பு அலுவலகம் ஒப்புதல் தந்த வரைபடத்தில் சிறு மனைகள் எங்கே குறிக்கப்பட்டுள்ளன என்று பாருங்கள். பிறகு நேரில் போய், அதே இடத்தில் அதே அளவில் கல் நட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தடுத்த சர்வே எண்களில் ஒரே ஆள் ஏழரை மாவுக்குச் சற்றுக் குறைவாக ஃபேஸ் ஒன்று, ஃபேஸ் இரண்டு என்று பிரித்திருந்தால் அதையும் குறித்து வையுங்கள். யார் வீட்டு வாசலுக்கும் போய்ப் படம் பிடிக்காதீர்கள். வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் இழுக்காதீர்கள். ஆவணமே போதும்.

கேள்வியையும் ஊர்ப் பிரச்சினையோடு கட்டுங்கள். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறார்கள். ஆனால் இடம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். டெல்டாவில் எத்தனை குடும்பங்கள் கோயிலுக்குச் சொந்தமான அடிமனையிலும் மடத்து இடத்திலும் வாய்க்கால் புறம்போக்கிலும் தலைமுறையாக இருக்கின்றன! பட்டா இல்லாதவருக்கு அந்தப் பணம் எட்டாது. "வீடு தருவீர்களா" என்று கேட்டால் "தருவோம்" என்றுதான் பதில் வரும். "இந்தத் தெருவில் அடிமனையில் இருப்பவர்களுக்கு என்ன வழி, இந்த மனைப்பிரிவின் பத்து சதவீதம் யார் கைக்குப் போனது" என்று கேளுங்கள்.

தேர்தல் முடிந்த பிறகும் இடம் இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களையும் சேர்த்திருக்கிறார்கள். மனைப்பிரிவு ஒதுக்கீட்டைத் தீர்மானமாகக் கொண்டுவந்து, பதிவேட்டில் எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத்தாளில் போடாதீர்கள். தீர்மான நகலை ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு கொடுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அதே மனுவில் மனைப்பிரிவின் ஒப்புதல் வரைபடத்தைக் கேட்காதீர்கள், அதற்கு நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குத் தனி மனு.